தார் ஊற்றும் முன் ஒரு பெருக்கு: ரோடு ஸ்வீப்பர் மெஷினை எடைபோட 8 கேள்விகள்!

புது ரோடு போட்டு முதல் மழை முடிந்திருக்கும். தெருமுனையில் பஸ் பிரேக் அடிக்கும் இடத்தில், மேலே போட்ட தார் மட்டும் அப்பளம் மாதிரி தனியாகப் பெயர்ந்து கிடக்கும். அதற்குக் கீழே பழைய ரோடு அப்படியே முழுசாக இருக்கும். "தார் கம்மி", "கமிஷன் அடிச்சுட்டாங்க" என்று டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பெயர்ந்து கிடக்கும் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால், பல நேரம் இன்னொரு குற்றவாளி சிக்குவார். அடிப்பக்கம் முழுக்க மாவு தடவியதுபோல ஒட்டியிருக்கும் தூசிதான் அது.

கோலம் போடுவதற்கு முன் வாசலைப் பெருக்குவது எல்லா வீட்டுக்கும் தெரிந்த பாடம். ரோடு போடுவதிலும் அதேதான் முதல் பாடம். அந்தப் பெருக்கும் வேலையைச் செய்ய, தானாக ஓடும் துடைப்ப மெஷின்கள் இப்போது நம் ஊர் ரோடு வேலைகளுக்கும் வருகின்றன. வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, எதைப் பார்த்து முடிவு செய்வது? சின்ன கான்ட்ராக்டர் முதல் தெருவில் குடியிருப்பவர் வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

தூசிக்கு ஏன் இவ்வளவு பயம்?

பழைய ரோட்டின் மேல் புதுத் தார்க் கலவையை அப்படியே கொட்டிவிடுவதில்லை. நடுவில் ஒரு பசை உண்டு. அதற்கு 'டாக் கோட்' என்று பெயர். தாரையும் தண்ணீரையும் கலந்து செய்த எமல்ஷன் அது. தெளிக்கும்போது காபி நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பின் மேல்தான் சூடான கலவை விழ வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப்படி, பழைய தார் ரோட்டின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ வரைதான் இந்தப் பசை. அதாவது, படலம் ரொம்ப ரொம்ப மெல்லியது. கீழே தூசி இருந்தால் என்ன ஆகும்? பசை தூசியோடு ஒட்டிக்கொள்ளும். ரோட்டோடு ஒட்டாது. மாவு படிந்த தட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய கதைதான். கலவை கொண்டுவரும் டிப்பரின் டயரே அந்தப் பசையைச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

ஒரு சின்னக் கணக்கு. 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டர் என்றால் 7,000 சதுர மீட்டர். அதன் மேல் வெறும் அரை மில்லிமீட்டர் தூசி படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.5 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 100 கன அடி கொண்ட ஒரு யூனிட்டைவிட அதிகம். கண்ணுக்கே தெரியாத தூசி ஒரு லோடு அளவுக்கு இருக்கிறது!

இன்றைக்கு யார் பெருக்குகிறார்கள்?

பெரும்பாலான வேலைகளில் நாலைந்து பெண்கள், தென்னந்துடைப்பத்தோடு. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பேவர் மெஷினுக்கு முன்னால் குனிந்து பெருக்கிக்கொண்டே போவார்கள். பின்னாலேயே ஒருவர் ஏர் கம்ப்ரசர் குழாயைப் பிடித்து ஊதுவார். கொஞ்சம் பெரிய வேலை என்றால், டிராக்டரில் பிரஷ் கட்டி ஓட்டுவார்கள்.

இந்த முறைகளில் வேலை நடக்காமல் இல்லை. ஆனால், நேரம் நெருக்கும்போது முதலில் அடிபடுவது பெருக்கும் வேலைதான். பிளான்டிலிருந்து கலவை சுடச்சுட வந்து நிற்கும், ஆறவிட முடியாது. பெருக்கி முடிக்காத இடத்திலும் பசை தெளித்துவிடுவார்கள். கம்ப்ரசருக்கும் ஒரு குறை உண்டு. அது தூசியைக் கிளப்பும், அகற்றாது. கிளம்பிய தூசி கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் வந்து உட்காரும்.

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புது ரோடு போடும் 'மில்லிங்' முறை வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிவிட்டது. ரோடு மட்டம் உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போவதைத் தடுக்க, சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நல்ல விஷயம்தான். ஆனால், சுரண்டிய ரோடு சீப்பு வாரியதுபோல வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்குள்ளும் கல்மாவு போய் அடைந்துகொள்ளும். தென்னங்குச்சியால் அதை முழுசாக வெளியே எடுப்பது லேசான காரியம் இல்லை.

மெஷின் எப்படி இருக்கும்?

மாநகராட்சி குப்பை அள்ள ஓட்டும் லாரி மாதிரி ஸ்வீப்பரையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோடு கட்டுமானத்துக்கான ஸ்வீப்பர், சக்கரங்களுக்கு நடுவிலோ முன்னாலோ நீளமான உருளை பிரஷ் மாட்டிய வண்டி. பிரஷ் குறுக்கே சாய்ந்து நிற்கும். சுழலும்போது கல்லையும் தூசியையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும். வெளிநாடுகளில் மூன்று சக்கர மாடல்கள் அதிகம். சின்ன இடத்தில் திரும்பிவிடும் என்பது அதன் வசதி.

'தானாக ஓடும்' என்பதில் என்ன பெரிய லாபம்? இழுத்துச் செல்லும் பிரஷ்களில் பல, சக்கரம் சுற்றும் வேகத்திலேயே சுழல்பவை. டிராக்டர் மெதுவாகப் போனால் பிரஷும் மெதுவாகும். அழுக்கு கெட்டியாக இருக்கும் இடத்தில்தான் மெதுவாகப் போய், வேகமாகத் தேய்க்க வேண்டும். ஹைட்ராலிக்கில் ஓடும் சுய இயக்க மெஷினில் வண்டியின் வேகம் தனி, பிரஷின் வேகம் தனி. பின்னால் போகவும், நின்ற இடத்தில் தேய்க்கவும் முடியும்.

சுழலும் பிரஷ் வைத்துத் தெருவைப் பெருக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் சார்லஸ் புரூக்ஸ், 1896-லேயே தெரு பெருக்கும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

டெமோவில் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. எந்த ரோட்டுக்கு இந்த மெஷின்?

ஓரத்துக்குத் தள்ளும் மாடல், இரண்டு பக்கமும் மண் ஓரம் உள்ள நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். தெருவில் ஓட்டினால் அந்தத் தூசி வாசலிலும் மழைநீர் வடிகாலிலும் போய் விழும். அங்கே தூசியை உறிஞ்சியோ வாரியோ தொட்டியில் சேர்க்கும் மாடல் வேண்டும். கம்பெனியின் சிமென்ட் தரையில் டெமோ பார்த்தால் எல்லா மெஷினும் பிரமாதமாகத்தான் பெருக்கும். மில்லிங் முடிந்த, நிஜ வேலை நடக்கும் ரோட்டில் 200 மீட்டர் ஓட்டச் சொல்ல வேண்டும்.

2. எத்தனை டிரிப் அடிக்க வேண்டும்?

கேட்டலாக்கில் இருக்கும் பிரஷ் நீளம் வேறு, ரோட்டில் பெருக்கும் அகலம் வேறு. 2.4 மீட்டர் பிரஷை 30 டிகிரி சாய்த்தால் கிடைப்பது சுமார் 2.08 மீட்டர்தான். ஒரு டிரிப்புக்கும் அடுத்ததற்கும் 20 சென்டிமீட்டர் மேலேறிப் போக வேண்டும். கழித்தால் மிச்சம் 1.88 மீட்டர். 7 மீட்டர் ரோட்டுக்கு 4 டிரிப். 1.8 மீட்டர் பிரஷ் என்றால் அதே கணக்கில் சுமார் 1.36 மீட்டர், 6 டிரிப் ஆகிவிடும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு கிலோமீட்டர் ரோட்டை முடிக்க முதல் மெஷினுக்கு 48 நிமிடம், இரண்டாவதற்கு 72 நிமிடம். திரும்பும் நேரம் தனி. பேவர் காத்திருக்கும் இடத்தில் அந்த 24 நிமிடம் பெரிய விஷயம்.

3. பிரஷ் தடம் சமமாக இருக்கிறதா?

இது ஐந்து நிமிடச் சோதனை. தூசி படிந்த சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பிரஷை இறக்கி, நகராமல் அரை நிமிடம் சுழலவிட வேண்டும். பிறகு பிரஷைத் தூக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தால், தரையில் ஒரு பட்டை தெரியும். அது முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில், சுமார் 2 முதல் 4 அங்குலம் இருந்தால் சரி. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், பிரஷ் மட்டமாக இல்லை. பட்டை ரொம்ப அகலமாக இருந்தால், அழுத்தம் அதிகம்.

"நல்லா அழுத்தினா நல்லா பெருக்கும்" என்று நினைப்பது தவறு. நாரின் நுனிதான் தூசியைச் சுண்டி எடுக்கும். அழுத்தினால் நார் மடங்கி, பக்கவாட்டில் தேய ஆரம்பிக்கும். தூசி போகாது, பிரஷ்தான் சீக்கிரம் போகும்.

4. நார் எது?

பிளாஸ்டிக் நார் மெல்லிய தூசிக்கு நல்லது. லாரி டயர் கொண்டுவந்து ஒட்டிய காய்ந்த சேற்றை எடுக்க இரும்பு நார் வேண்டும். இரண்டும் கலந்து மாட்டுவதும் உண்டு. ஆனால், புதிதாகச் சிப்ஸ் தூவிய ரோட்டில் இரும்பு நாரை ஓட்டினால், ஒட்டிய கல்லையும் பெயர்த்துவிடும். அந்த வேலைக்கு மென்மையான நாரும் குறைந்த வேகமும்தான் சரி. சிதறிக் கிடக்கும் சிப்ஸை அள்ளாமல் ரோட்டைத் திறந்துவிட்டால் பைக்கில் வருபவர் சறுக்கி விழுவார் என்பதையும் மறக்கக் கூடாது.

5. தூசியை எப்படி அடக்குகிறது?

தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் தூசி பறக்காது. ஆனால், தண்ணீர் கொஞ்சம் அதிகமானாலும் கல்மாவு குழம்பாகி, ரோட்டிலேயே அப்பிக் காய்ந்துவிடும். ஈரம் காயாமல் பசை தெளித்தால் அதுவும் சரியாகப் பிடிக்காது. அதனால், தெளிப்பானில் தண்ணீர் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, தூவலாக விழுகிறதா, தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். முதல் சுற்று ஈரத்தில், காய்ந்தபின் கடைசிச் சுற்று உறிஞ்சும் மெஷினில் என்று பிரித்துக்கொள்வது ஒரு வழி.

6. ஓட்டுபவருக்கு என்ன தெரிகிறது?

டெமோவின்போது முதலாளி வெளியே நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆபரேட்டர் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். பிரஷின் இரண்டு முனைகளும் தெரிகின்றனவா? பின்னால் ஆள் நின்றால் தெரியுமா? ரிவர்ஸ் அலாரம், சுழல் விளக்கு, கவிழ்ந்தாலும் ஆளைக் காப்பாற்றும் கூண்டு, சீட் பெல்ட் இருக்கின்றனவா? இந்த வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். அதுவும் இரவு நேரத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில். மூடிய கேபின் ஆடம்பரம் இல்லை. எட்டு மணி நேரம் தூசி மேகத்துக்குள் உட்காரும் மனிதரின் நுரையீரலுக்கு அதுதான் கவசம்.

7. ரிப்பேர் ஆனால் எத்தனை நாள்?

தன் வேலையே தூசி கிளப்புவது என்பதால், இந்த மெஷினின் முதல் எதிரியும் தூசிதான். ஏர் ஃபில்டரும் ரேடியேட்டரும் சீக்கிரம் அடைக்கும். அவற்றை டூல்ஸ் இல்லாமல் திறந்து ஊத முடிகிறதா? பிரஷைக் கழற்றி மாற்ற எவ்வளவு நேரம், எத்தனை ஆள்? இதைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். குஜராத்தின் மெஹ்சானா சுற்றுவட்டாரத்தில் ரோடு மெஷின் தயாரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். விலை ஒத்துவரலாம். ஆனால், ஹைட்ராலிக் மோட்டார் நின்றுபோனால் திருநெல்வேலிக்கு மெக்கானிக் வர எத்தனை நாளாகும் என்பதும் விலையில் சேர்ந்ததுதான்.

8. மணிக்கு என்ன செலவு?

பிரஷ் என்பது வண்டிக்கு டயர் மாதிரி, தேய்ந்துகொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, 25,000 ரூபாய் பிரஷ் 100 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 250 ரூபாய். 40,000 ரூபாய் பிரஷ் 200 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 200 ரூபாய். விலை அதிகமானதுதான் இங்கே மலிவு. இதோடு டீசல், ஆபரேட்டர் சம்பளம், கடன் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, பெருக்கிய சதுர மீட்டரால் வகுத்தால்தான் உண்மை விலை தெரியும். மாதத்தில் நாலு நாள்தான் வேலை என்றால் வாடகையே நல்லது. பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதும் ஒரு வழி.

பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் ரோடு போட்டவரே 5 வருடம் பராமரிக்க வேண்டும். அந்த ரோடு இரண்டாம் வருடமே பெயர்ந்தால், ஒட்டுப் போடும் செலவு அவர் தலையில்தான். பெருக்குவதில் மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பெருக்கிய பிறகு ஒரு கடைசிச் சோதனை

மெஷின் போன இடத்தில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். கை வெள்ளையாகிறதா? இன்னொரு சுற்று தேவை. வரிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, அகலமான டேப் ஒன்றை ஒட்டி உரிக்கலாம். ரோட்டின் நடுவில், ஓரத்தில், மேன்ஹோல் பக்கத்தில் என மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். நடு ரோடு எப்போதும் பாஸ் ஆகும். ஓரம்தான் ஃபெயில் ஆகும். இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது, ஒரே நாளில், ஒரே ரோட்டில், ஒரே எண்ணிக்கை டிரிப் ஓட்டிவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் மட்டுமே நியாயமான மார்க் கிடைக்கும்.

துடைப்பம் பிடித்த அக்காக்கள் என்ன ஆவார்கள்?

மெஷின் வந்தால் நாலைந்து பேரின் தினக்கூலி போய்விடாதா? கேட்க வேண்டிய கேள்விதான். மெஷினை வாங்கும் பலர் கணக்குப் போடுவதே இந்தக் கூலி மிச்சத்தை வைத்துத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரோட்டுக் கல்லின் மாவில் சிலிகா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். படிந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. நம் சட்டத்திலேயே, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 2016-ல் வந்த சிலிகா விதி, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்தது. வேறு வழி இருக்கும்போது, கட்டுமான இடத்தில் இந்தத் தூசியை உலர்வாகப் பெருக்கவே கூடாது என்கிறது அது. முந்தானை இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 போன்ற மாஸ்க் வேண்டும்.

அந்தத் தூசியிலிருந்து ஆட்களை விலக்குவது நல்லது. வேலையிலிருந்தே விலக்குவதுதான் கேள்வி. மெஷின் எட்டாத இடங்கள் நிறைய இருக்கின்றன. மேன்ஹோல் விளிம்பு, நடைபாதை ஓரம், மீடியன் மூலை எல்லாம் கையால்தான் சுத்தமாகும். வண்டிகளை நிறுத்தி அனுப்பவும், பெருக்கிய பிறகு சோதித்துப் பார்க்கவும் ஆள் வேண்டும். எந்த இடத்தில் மண் தேங்கும், எங்கே சேறு ஒட்டியிருக்கும் என்று பல வருடமாகத் தெரிந்து வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். ஹைட்ராலிக் லீவரைப் பிடிக்க அவர்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பது முடியாத காரியம் இல்லை. மெஷின் விலையைப் பேசும்போதே, "எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்துப் பேசலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அதே நாளில் செய்யக்கூடிய வேலை.

உங்கள் தெருவில் ரோடு போடுகிறார்களா?

மெஷின் வாங்கப்போவது கான்ட்ராக்டர். ஆனால், அந்த ரோட்டில் தினமும் போகப்போவது நீங்கள். வேலை நடக்கும்போது வாசலில் நின்று இந்த மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

• பசை தெளிப்பதற்கு முன் ரோடு முழுக்கப் பெருக்கினார்களா? ஓரத்தில் மண் குவிந்தே கிடக்கிறதா?

• தெளித்த பசை காபி நிறத்திலிருந்து கறுப்பாக மாறிய பிறகுதான் கலவை கொட்டுகிறார்களா?

• பசை தெளித்த இடத்தில் பைக், கார் ஓட்டாமல் தடுத்திருக்கிறார்களா? அந்த ஒரு மணி நேரம் நம் வண்டியையும் வேறு தெருவில் நிறுத்திவிட வேண்டும். நம் டயர் கொண்டுவரும் மண்ணும் மண்தான்.

இதில் ஏதாவது தவறினால், சண்டை போட வேண்டியதில்லை. அங்கே நிற்கும் பொறியாளரிடம், "சார், ஓரத்துல இன்னும் மண்ணு இருக்கு, பெருக்கிட்டுத் தெளிங்க" என்று தார் விழும் முன் சொன்னால் போதும். தார் விழுந்த பிறகு அந்தத் தூசியை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது.